கோப்பி மெசினில் கல் கழற்ற: சிற்றிக் அமிலமா, வினாகிரியா?

யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது; குழாயோடு இணைத்த மெசினில் கல் படியத்தான் செய்யும். ஆனால் கோப்பி அளவு குறைந்தவுடன் அமிலத்தைத் தூக்க வேண்டாம். பல மெசின்களில் நீர் வால்வு குறித்த நேரத்துக்கே திறக்கும், அதனால் நீர் உள்ளே வரும் வழியிலுள்ள வடிகட்டி அடைத்தாலும் அளவு குறையும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

எங்கள் தெரிவு சிற்றிக் அமிலம். இளஞ்சூட்டு நீரில் லீற்றருக்கு 30 முதல் 40 கிராம். கொதிக்க விடக்கூடாது: கல்லும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கல்சியம் சிற்றேற்று சூட்டில் கரையாமல் வெண்பொடியாகப் படிந்துவிடும். மின்சாரத்தையும் நீர் வால்வையும் நிறுத்தி, மெசினின் நீர்த் தாங்கியை ஆறவிட்டு வடித்து, கரைசலை நிரப்பி 30 நிமிடம் வையுங்கள். அப்போதும் நுரைத்தால் கல் மிச்சம் இருக்கிறது, கரைசலை மாற்றித் திரும்பச் செய்யுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் மூன்று தடவையாவது அலசுங்கள்.

வினாகிரி எந்தக் கடையிலும் கிடைக்கும், சம அளவு நீர் சேர்த்தால் போதும். மெல்லிய படிவு கரையும். ஆனால் மணம் இறப்பர் வளையங்களில் ஏறிக் கோப்பியில் தெரியும். நீர் தூவும் தட்டைக் கழற்றி ஊறவைக்க மட்டும் அது நல்லது.

அலுமினியத் தாங்கி என்றால் இரண்டும் வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் திரவம்தான்.