அக்னி நட்சத்திரமும் லைபோ பேட்டரியும்: ரிமோட் கார் ஓட்டிய அனுபவம்

ரிமோட் கார் ஓட்டுபவர்கள் கூடினால் பேச்சு மோட்டாரிலும் டயரிலும்தான் சுற்றும். சில வருடங்களாகச் சென்னையில் ஓட்டிவரும் எனக்கு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான் என்று தோன்றுகிறது. ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளிலும் ட்ரோன்களிலும் இருப்பது இதே வகைதான்.

என்னிடம் இருப்பவை 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர் மணி பேக்குகள்; ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு செல்கள். நானும் நண்பரும் ஒரே நாளில் ரிச்சி தெருவில் வாங்கினோம். என்னுடையவை இன்றும் ஓடுகின்றன; அவருடையது ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. இருவரும் நல்ல சார்ஜரில், ஒரே அளவு மின்னோட்டத்தில்தான் ஏற்றினோம். வைத்திருந்த விதம்தான் வேறு.

முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட் காட்டும். ஓட்டப்போகும் அன்று அப்படி ஏற்றலாம். மழை வந்தது, ஆள் சேரவில்லை என்று அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டால் வந்தது வினை. முழு மின்னழுத்தமும் வெப்பமும் சேரும்போது உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது, பேக் உப்புகிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிக் கிடந்த நண்பரின் பேக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் உப்பியது வெளியே தெரியவில்லை. உறையின் ஒட்டு ஓரத்தில் நகம் நுழையும் அளவு பிளவு, அருகில் கொண்டுபோனால் நெயில் பாலிஷ் போல ஓர் இனித்த வாடை. அந்த வாடை வந்த பேக்கைச் சார்ஜரில் மாட்டவே கூடாது.

அதனால் ஓட்டாத நாள்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில்தான் வைக்கிறேன். சார்ஜரிலேயே அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. வீட்டின் குளிர்ச்சியான மூலையில், மூடி இறுகாத இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரம்கூட விடுவதில்லை.

சார்ஜ் ஏற்றுவது தரை ஓடுகளின் மேல், ஆள் விழித்திருக்கும்போது, செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் முறையில், 5 ஆம்பியருக்கு மேல் போகாமல். ஓடி வந்த சூடு ஆறாமல் மாட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் உண்டு.

ஓட்டும்போது குறைந்த மின்னழுத்தத்தைக் கத்திச் சொல்லும் சிறு பஸ்ஸரைப் பேலன்ஸ் பிளக்கில் செருகிவிடுவேன், செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்தும்படி வைத்திருக்கிறேன். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். இந்தப் பஸ்ஸருக்குக் கொடுத்த பணம்தான் இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த மிகச் சிறந்த செலவு.

பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்கள் கனெக்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பூத்தால் இணைப்பு சூடேறும். உப்பிய பேக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி, மின்கழிவு எடுப்பவரிடம் லைபோ என்று சொல்லியே கொடுக்கிறேன்.