எல்எல்ஆர் வந்தாச்சு, டெஸ்டுக்குத் தேதி? சென்னையில் லைசென்ஸ் எடுத்த அனுபவம்

எங்கள் வீட்டில் யாருக்கு லைசென்ஸ் வேலை வந்தாலும் அது என் தலையில்தான் விழும். கொரோனாவுக்குப் பிறகு எனக்கு, அப்புறம் தங்கைக்கு, அத்தை பையனுக்கு, கடைசியாக அப்பாவின் புதுப்பித்தல் என்று சில வருடங்களாக, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் மத்திய அரசின் சாரதி பரிவாஹன் தளத்தோடு பழகிவருகிறேன். தளம் மோசமில்லை. ஆதார் எண்ணும் அதோடு இணைந்த மொபைலும் இருந்தால் எல்எல்ஆர் (ஓட்டிப் பழகுவதற்கான தற்காலிக உரிமம்) விண்ணப்பம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். சிக்கல் அடுத்த படியில், டெஸ்டுக்கு ஸ்லாட் பிடிப்பதில் இருக்கிறது.

எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் ஆனால்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்எல்ஆர் செல்லுபடியாவது 6 மாதம்தான். நடுவில் 5 மாதம் இருக்கிறதே, நன்றாக ஓட்டிப் பழகிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். கல்லூரித் தேர்வு முடியட்டும் என்று இருந்தாள். பிறகு தளத்தைத் திறந்தால், காலண்டரில் வரிசையாகச் சிவப்பு. பச்சையில் தெரிந்த முதல் தேதியே பல வாரம் தள்ளி இருந்தது. அதைப் பிடித்து வைத்தால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஊரே தண்ணீரில் நின்றபோது டெஸ்டுக்கு எங்கே போவது?

மறுபடி தேதி வாங்கிப் போனவள், எட்டு போடும்போது இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டாள். தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் எட்டாவது நாள் ஸ்லாட் இருந்தால்தானே? சட்டத்தில் ஒரு வாரம் என்பது காலண்டரில் மாதக்கணக்காக நீள்கிறது. அதற்குள் அவள் எல்எல்ஆர் காலாவதி. திரும்ப விண்ணப்பம், திரும்பக் கட்டணம், திரும்ப 30 நாள்.

இது எனக்கு இன்றும் ஆறவில்லை. காத்திருக்க வைப்பது அலுவலகம், காலாவதி ஆவது நம் தாள். கொரோனா காலத்தில் லைசென்ஸ் உள்ளிட்ட ஆவணங்களின் செல்லுபடியை மத்திய அரசு 2021 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஸ்லாட் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காவது டெஸ்ட் தேதி வரை எல்எல்ஆர் செல்லும் என்று வைக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

அத்தை பையன் விஷயத்தில் உஷாராக இருந்தேன். 18 வயது முடிந்ததும் எல்எல்ஆர், 30 நாள் முடிந்த அன்றே ஸ்லாட். இரவிலும் அதிகாலையிலும் தளத்தைத் திறந்து பார்த்தேன். யாராவது ரத்து செய்தால் நடுவில் ஒரு தேதி பச்சையாகும். அப்படித்தான் அவனுக்குக் கிடைத்தது. இரண்டு விஷயம் சொல்வேன்: கோடை விடுமுறையை ஒட்டிப் போகாதீர்கள், அப்போது பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கூட்டம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் வேண்டாம்.

டிரைவிங் ஸ்கூல் மூலம் போவதா, நேரடியாகவா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கார் என்றால் ஸ்கூல் நல்லது. பயிற்சியாளர் பக்கமும் பிரேக் இருக்கும் டூயல் கண்ட்ரோல் வண்டியில் பழகி, டெஸ்டுக்கும் அதிலேயே போகலாம். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் மொபைல் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். நான் கார் பழகிய ஸ்கூலில் அவர்கள் எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஓடிபி அவர்களுக்குப் போகும், தேதி மாற்றக்கூட அவர்களைக் கெஞ்ச வேண்டும். கட்டணமும் தெரிந்திருக்கட்டும்: மத்திய விதிப்படி எல்எல்ஆருக்கு ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150 ரூபாய், டெஸ்டுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300, லைசென்ஸ் கார்டுக்கு 200. இதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

டெஸ்டுக்கு ஸ்கூட்டர் கொண்டு போனால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். பின்னால் பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே கியர் வண்டிக்கு எல்எல்ஆர் எடுத்து, பைக்கிலேயே எட்டு போட்டுவிடுங்கள். இன்னொரு முறை இந்த வரிசையில் நிற்க வேண்டாம். கொண்டு போகும் வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அண்ணன் நண்பரின் பைக்கை வாங்கி வந்திருந்தார். இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மாதக்கணக்கில் காத்திருந்த ஸ்லாட், ஒரு நிமிடத்தில் போயிற்று.

2024 ஜூன் முதல் ஆர்டிஓ டெஸ்டே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றியது. அதில் பாதிதான் சரி. 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் பயின்று தேறினால்தான் டெஸ்டிலிருந்து விலக்கு. தெருமுனை டிரைவிங் ஸ்கூல் தரும் சான்றிதழுக்கு அது பொருந்தாது. புதிதாக எதுவும் மாறவில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது. இந்த மையங்கள் பெருகினால்தான் ஆர்டிஓ வரிசை குறையும் என்பது என் எண்ணம்.

அப்பாவின் புதுப்பித்தலுக்கு டெஸ்ட் இல்லை. 40 வயது தாண்டியவர் என்பதால் மருத்துவரிடம் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் வாங்கினோம், கார்டு ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்கே வந்தது. நல்லவேளை, முடியும் தேதியைக் கவனித்தோம். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் மறுபடி டெஸ்ட்தான், இதே ஸ்லாட் வரிசைதான். பக்கத்து வீட்டு மாமா இப்போது அதில் நிற்கிறார். அவருக்கும் தேதி நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.