பிஓபி என்பது தரப் புள்ளி இல்லை: மலையகத் தேயிலையில் எதை வாங்கலாம்?

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் உள்ள தேயிலைக் கடைகளில் ஒரே தோட்டத்துத் தூள் நாலைந்து பெயரில் அடுக்கியிருக்கும்: ஓபி (ஓரேஞ்ச் பெக்கோ), பெக்கோ, பிஓபி (புரோக்கன் ஓரேஞ்ச் பெக்கோ), பிஓபிஎஃப் (புரோக்கன் ஓரேஞ்ச் பெக்கோ ஃபேனிங்ஸ்), டஸ்ட். வைன் போத்தலுக்கு 100க்கு 92 என்று போடுகிறார்களே, அந்த மாதிரிப் புள்ளி என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். வைன் புள்ளியாவது ஒருவர் ருசி பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பிஓபி என்றால் தூள் எந்தச் சல்லடைக் கண்ணில் விழுந்தது என்பது மட்டும்தான். ஓபி நீட்டு இலை, பிஓபி உடைந்த இலை, பிஓபிஎஃப் அதைவிடப் பொடி, டஸ்ட் எல்லாவற்றிலும் நுணுக்கம். பெயரில் 'ஓரேஞ்ச்' இருந்தாலும் தோடம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தூள் பொடியாகப் பொடியாகச் சாயம் வேகமாக இறங்கும். டஸ்டுக்கு 2 நிமிடம், பிஓபிஎஃபுக்கு 3, பிஓபிக்கு 4, ஓபிக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். ஓபியை 2 நிமிடத்தில் வடித்துப் பால்மா கலந்தால் சப்பென்றுதான் இருக்கும். அது இலையின் குற்றமில்லை. டஸ்டைக் குப்பை என்று ஒதுக்குவதும் அநியாயம். நல்ல கொழுந்தில் செய்த டஸ்ட், முற்றிய இலையில் செய்த ஓபியைச் சுலபமாகத் தோற்கடிக்கும்.

ருசியைத் தீர்மானிப்பது மலையும் மாதமும். நுவரெலியாத் தூளில் சாயம் வெளிறியிருக்கும், பூ வாசனை வரும். பால் விட்டால் அந்த வாசனை செத்துப்போகும். பிளேன்டீ குடிப்பவர்கள் நுவரெலியா பிஓபியை வாங்கலாம், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. திம்புள்ளத் தூள் ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட குளிரில் சிறக்கும். பால்மாத் தேத்தண்ணிக்கு எங்கள் தெரிவு திம்புள்ள பிஓபிஎஃப். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற வரண்ட காற்று அடிக்கும்போது கொழுந்து வாடி, தைலம் போலக் குளிர்ந்த ஒரு வாசனை ஏறும். சிலருக்கு அது உயிர், சிலருக்கு மருந்து. முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். கண்டிப் பக்கத்துத் தூள் கடுஞ்சாயம். வாசனை பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் தூளை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். கறுப்பாக, விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். செம்பழுப்புத் துண்டுகள் நிறைய இருந்தால் தண்டும் நாரும் கலந்திருக்கிறது. சாம்பல் பூத்திருந்தால் சலிக்கும்போது அதிகம் உரசுப்பட்ட தூள். கண்ணாடி போன்ற பொலித்தீன் பையில் வாசலில் தொங்குவதை வாங்கவே வேண்டாம்: வெளிச்சம் ஒரு பக்கம், மூடுபனி ஈரம் மறுபக்கம். சிங்க முத்திரை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது. எந்த மாதத்துக் கொழுந்து என்பதை அது சொல்லாது, அதனால் பொதி செய்த திகதியைக் கேளுங்கள்.

வீட்டில் இரண்டு பெக்கட்டை ஒப்பிட, ருசி பார்ப்பவர்களின் கணக்கே போதும்: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம், பாலும் சீனியும் இல்லாமல். குடிக்கக் கடுப்பாக இருக்கும், குறை தெரிவதற்குத்தான் அந்தக் கடுப்பு. வடித்த சக்கையையும் பாருங்கள். புதுச் செம்பு நிறமென்றால் நல்ல தூள். பச்சை தட்டினால் ஆலையில் கொழுந்தைப் புளிக்க வைத்தது போதவில்லை, கருத்திருந்தால் புளிக்க வைத்தது மிஞ்சிவிட்டது. ஆறிய பிறகு தேத்தண்ணி பாலேடு போலக் கலங்கினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், சாரமுள்ள தூள்தான் அப்படிக் கலங்கும்.

இன்னொன்று. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே 4 நிமிடத்தில் பதமாக வந்த தூள் கொழும்பில் அதே 4 நிமிடத்தில் கசக்கலாம், அரை நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுங்கள். தூளை இறுக்கமான தகர டின்னில் போட்டு, ஏலக்காய், சவர்க்காரம் இருக்கும் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.