கார் கூரையில் டென்டா, தரையில் டென்டா?

அமெரிக்காவின் மேற்குப் பக்கம் நீண்ட கார் பயணம் கிளம்பும் நண்பர்கள் இப்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள்: காரின் தலைமேல் விரியும் ரூஃப்டாப் டென்ட் வாங்கலாமா, பழையபடி தரையில் அடிக்கும் டென்டே போதுமா? நாங்கள் இரண்டிலும் படுத்திருக்கிறோம். ரூஃப்டாப்பை வாடகைக்கு எடுத்து யூட்டா, அரிசோனா சுற்றினோம். அப்புறம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பயணத்துக்கு முன் சொந்தமாக வாங்கியது தரை டென்ட். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

விலையில் பேச ஒன்றுமில்லை. நல்ல தரை டென்ட் சில நூறு டாலர், ரூஃப்டாப் சில ஆயிரம். எடையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரூஃப்டாப் 50 முதல் 80 கிலோ வரை வரும். கார் ஓடும்போது கூரை தாங்கும் எடை பல வண்டிகளின் கையேட்டில் 75 கிலோ அளவில்தான் இருக்கிறது. 'அப்படியென்றால் நாலு பேர் மேலே படுப்பது எப்படி?' என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். நின்றுகொண்டிருக்கும் கார் அதைவிடப் பல மடங்கு தாங்கும், ஓட்டத்துக்குத்தான் அந்த வரம்பு.

படுக்கைச் சுகத்தில் ரூஃப்டாப்புக்குத்தான் ஓட்டு. உள்ளேயே மெத்தை இருக்கிறது, கல் குத்தாது, தரை சமமாக இருக்கிறதா என்று தேட வேண்டாம். பாலைவனப் பக்கத்துச் சரளைத் தரையில் டென்டோடு கொடுக்கும் அலுமினிய முளை இறங்காமல் வளைந்துவிடும். தரை டென்ட்காரர்கள் இரும்புக்கடையில் நீளமான எஃகு ஆணி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் ஒரே விஷயம் அடித்துவிடுகிறது. ரூஃப்டாப்பில் வீடும் வண்டியும் ஒன்று. காரை எடுக்க வேண்டுமானால் வீட்டை மடிக்க வேண்டும்.

யூட்டாவில் உள்ள ஸயான் தேசியப் பூங்காவில் இது உறைக்கவே இல்லை. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் முடிய அங்கே பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி கிடையாது, எல்லோரும் ஷட்டில் பஸ்தான். வாட்ச்மன் கேம்ப்கிரவுண்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போய்விடலாம். கார் நாள் முழுக்க டென்டோடு நிற்கும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பிலும் பஸ் வசதி இருந்ததால் அதே நிம்மதி.

யூட்டாவிலேயே இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் கதை மாறியது. அங்கே ஷட்டில் கிடையாது. விடிவதற்குள் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போக வேண்டுமென்றால் இருட்டிலேயே பிள்ளைகளை எழுப்பி இறக்கி, மெத்தையைத் திணித்து, உறையின் ஜிப்பை இழுத்து, ஏணியை மடக்க வேண்டும். காலை 6 மணி வரை சத்தம் போடக் கூடாத நேரம் வேறு. திரும்பி வந்தால் மறுபடி விரிப்பு. ஐஸ் வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் இதே கூத்து. இரவு மழை பெய்திருந்தால் ஈரத்தோடு மடிக்க வேண்டியிருக்கும், மாலையில் திறக்கும்போது மெத்தையிலேயே ஈர வாடை அடிக்கும்.

முன்பதிவு இல்லாத இடங்களில் இன்னொரு தொல்லை. வண்டியோடு டென்டும் கிளம்பிவிட்டால் இடம் காலியாகத் தெரியும். நாற்காலியும் மேசையும் போட்டுவிட்டுப் போக வேண்டும். தரை டென்ட் நின்றால் அதுவே துண்டு போட்ட மாதிரி.

தரை டென்ட் வாங்கிய காசு யெல்லோஸ்டோனிலேயே வசூலாகிவிட்டது. உள்ளே இருக்கும் வட்டச் சாலை மட்டும் சுமார் 230 கிலோமீட்டர், தினமும் காரை எடுத்தே ஆக வேண்டும். டென்டை ஒரே கேம்ப்கிரவுண்டில் அடித்துவிட்டு விடியற்காலையில் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கரடியிடமிருந்து ரூஃப்டாப்தான் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற கேம்ப்கிரவுண்டில் கிரிஸ்லி கரடிகளின் நடமாட்டத்தால் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம். துணி டென்ட் எந்த உயரத்தில் இருந்தாலும் துணிதான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் விவாதமே வேண்டாம். மூட்டு வலியோடு நடுராத்திரி ஏணி இறங்கிக் கழிப்பறை போவது நடக்கிற காரியமா? நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள தரை டென்டில் அம்மா நின்றபடியே புடவை மாற்றிக்கொள்ளலாம்.

தரை டென்டுக்கு மெத்தையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. யூட்டாவின் பிரைஸ் கேன்யன் பூங்காவின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல், மே மாதத்தில்கூட இரவு உறைநிலைக்குக் கீழே போகும். வெறும் காற்று மெத்தை முதுகைச் சில்லிட வைத்துவிடும். அடியில் குளிர் தடுக்கும் ஃபோம் விரிப்பு அவசியம்.

பெட்டி மாதிரி ஒரே தூக்கில் திறக்கும் கெட்டி ஓடு ரூஃப்டாப்பில் நாங்கள் படுத்ததில்லை. நண்பர் ஒருவர் சில நிமிடங்களில் மூடுவதைப் பார்த்திருக்கிறேன், மேலே சொன்ன குறை அதில் பாதியாகலாம். ரூஃப்டாப்பை விற்றால் ஓரளவு காசும் திரும்பும், பழைய தரை டென்டை யாரும் கேட்கமாட்டார்கள். தினம் ஒரு ஊர், ஒரே ராத்திரி, மறுநாள் அடுத்த இடம் என்று ஓடுகிற இளம் ஜோடிக்கு ரூஃப்டாப்பே சரி. எப்படியும் தினமும் மடிக்கத்தானே போகிறார்கள்.