பிடிஎஃப் ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது: நீண்ட நாள் அனுபவம்

பிடிஎஃப் ஃபைல்களைச் சேர்ப்பது, பிரிப்பது, முத்திரை போடுவது, சைஸைக் குறைப்பது என்று எல்லா வேலையையும் சில வருடங்களாகவே ஸ்கிரிப்டிடம் (தானாக ஓடும் சின்ன நிரலிடம்) விட்டுவிட்டேன். நிம்மதிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏதாவது நின்றுபோனால் எல்லோரும் முதலில் ஸ்கிரிப்டுக்குள் போய் வரி வரியாகத் தோண்டுகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒன்று உள்ளே வரும் ஃபைலில் இருக்கும், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஓடுகிற இடத்தில் இருக்கும்.

ஃபைலில் இருந்தே தொடங்கலாம். எதைத் தொடும் முன்பும் கியூபிடிஎஃப் (qpdf) என்ற பிடிஎஃப் கருவியின் செக் ஆப்ஷனை ஓட்டிப் பார்த்துவிடுவேன். இதில் பலர் கவனிக்காத விஷயம் அதன் எக்ஸிட் கோட், அதாவது வேலை எப்படி முடிந்தது என்று அது திருப்பிச் சொல்லும் எண். 0 வந்தால் சுத்தம், 2 வந்தால் பிழை, 3 வந்தால் எச்சரிக்கை மட்டும்தான், வேலை முடிந்திருக்கும். நெட்டில் கிடைக்கும் பாதி ஸ்கிரிப்டுகள் 0 இல்லாத எதையும் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்கேனரிலிருந்தும் பழைய பில்லிங் மென்பொருளிலிருந்தும் வரும் ஃபைல்களில், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்ரெஃப் அட்டவணை கொஞ்சம் கோணலாக இருப்பது சகஜம். கியூபிடிஎஃப் அதைத் தானே சரிக்கட்டி நல்ல ஃபைலாக எழுதிக் கொடுத்துவிட்டு 3 என்று சொல்லும், ஸ்கிரிப்டோ அந்த நல்ல ஃபைலையே தூக்கி எறிந்துவிட்டு நிற்கும். 3 வந்தாலும் தொடர், ஆனால் லாகில் (பதிவு ஃபைலில்) எழுதிவை என்று ஒரு வரி சேர்த்தால் போதும், தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது, கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் ஓடவில்லை என்கிற புகார். விண்டோஸில் ‘ஸ்டார்ட் இன்’ பெட்டியைக் காலியாக விட்டால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு உங்கள் ஃபைலைத் தேடும். மேப் செய்து வைத்த நெட்வொர்க் டிரைவும், யாரும் லாகின் செய்யாத நேரத்தில் ஓடும் வேலைக்குத் தெரியாது. லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் கிரான் வேறு விதம், அதன் பாத் (புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) ரொம்பச் சின்னது. எங்கேயும் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸை ஹெட்லெஸ்ஸாக (திரையில் காட்டாமல்) ஓட்டி டாக்குமெண்டைப் பிடிஎஃப் ஆக்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அதே புரோகிராம் ஸ்கிரீனில் திறந்திருந்தால் கட்டளை சத்தமில்லாமல் திரும்பிவிடலாம், பிழையும் வராது, ஃபைலும் வராது. இரண்டும் ஒரே யூசர் ப்ரொஃபைலுக்கு அடித்துக்கொள்வதுதான் காரணம். ஸ்கிரிப்டுக்கென்று தனி ப்ரொஃபைல் ஃபோல்டர் கொடுத்தால் சரியாகிவிடும்.

முத்திரை போடுவதுதான் என்னை அதிகம் படுத்தியது. ஏ4 பக்கம் என்றால் 595 க்கு 842 பாயிண்ட், கணக்கு இடது கீழ் மூலையிலிருந்து ஆரம்பிக்கும், இதெல்லாம் சுலபம். ஆனால் ஸ்கேனர் சில சமயம் பக்கத்தைப் படுக்கவைத்தே சேமித்து, ‘ரொட்டேட் 90’ என்று ஒரு குறிப்பை மட்டும் போட்டு வைக்கும். வியூவர் அதைப் படித்துத் திருப்பிக் காட்டுவதால் நம் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். ஸ்கிரிப்ட் பார்ப்பதோ படுத்திருக்கும் பக்கத்தை. வலது மேல் மூலையில் வைத்த முத்திரை வலது கீழ் மூலையில் செங்குத்தாக விழுந்து கிடக்கும். பைபிடிஎஃப்பில் (பிடிஎஃப் வேலைக்கான பைத்தான் நூலகம்) இந்தச் சுழற்சியை உள்ளடக்கத்துக்கே மாற்றிவிடும் வசதி இருக்கிறது, முத்திரைக்கு முன்னால் அதை அழைத்துவிட வேண்டும். அதோடு மீடியாபாக்ஸ் (பக்கத்தின் எல்லையைச் சொல்லும் பெட்டி) எப்போதும் 0,0 வில் தொடங்கும் என்றும் நம்ப வேண்டாம்.

பைபிடிஎஃப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பைபிடிஎஃப்2 என்ற பெயரில் இருந்தது 2022 கடைசியில் பைபிடிஎஃப் என்ற பழைய பெயருக்கே திரும்பியது, நிரலில் எழுதும் பிடிஎஃப்ஃபைல்ரீடர் போன்ற பழைய பெயர்கள் 3.0 பதிப்போடு போய்விட்டன. பழைய உதாரணத்தைக் காப்பி அடித்து ‘ஓடவில்லை’ என்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில். அப்புறம், இதில் பக்க எண் 0 விலிருந்து, கியூபிடிஎஃப்பில் 1 லிருந்து. இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் கலக்கும்போது ஒரு பக்கம் தள்ளிப்போனால் வேறெங்கும் தேடாதீர்கள்.

சைஸ் குறைக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கருவி கெட்டிக்காரன்தான், ஸ்கேன் ஃபைலுக்கு ‘ஈபுக்’ செட்டிங்கே போதும், படங்களை 150 டிபிஐக்குக் கொண்டுவரும். ‘ஸ்கிரீன்’ வைத்தால் 72, சின்ன எழுத்து கலங்கிவிடும். ஆனால் அது ஃபைலைத் திருத்துவதில்லை, முழுசாகப் புதிதாக எழுதுகிறது. டிஜிட்டல் கையெழுத்து போட்ட ஃபைலை அதில் விட்டால் கையெழுத்து அவ்வளவுதான். ஆகவே ஆட்டோமேட்டிக் வரிசையில் அதை நான் வைப்பதே இல்லை, ஸ்கேன்களுக்கு மட்டும் தனியாக ஓட்டுகிறேன்.

இன்னும் முழுசாகத் தீராதது தமிழ் ஃபைலில் எழுத்தை எடுப்பது. பிடிஎஃப்புக்குள் இருப்பது எழுத்துருவின் வடிவங்கள், வரையப்படும் வரிசையில். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் டூயூனிகோட் அட்டவணை சரியாக இல்லாவிட்டால் ‘கொ’ வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வரும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் செய்தது என்றால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். ஸ்கிரிப்டை எவ்வளவு நோண்டினாலும் இதற்குப் பயனில்லை. பக்கத்தைப் படமாக்கி டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழ் டேட்டா போட்டு ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) செய்கிறேன், மெதுவாகத்தான் ஓடும், ஒற்றும் புள்ளியும் அங்கங்கே தப்பும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.