வடபழனி பக்கம் ஒரு நாள் ஃபர்ஸ்ட் எய்டு கிளாஸ், மூச்சு பாடத்துக்கே காசு சரியா போச்சு
போன சனிக்கிழமை வடபழனி பக்கம் ஒரு டிரெயினிங் சென்டர்ல எமர்ஜென்சி கிளாஸ் போயிட்டு வந்தேன், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும், 1800 ரூபா. நெஞ்ச அமுக்குறதெல்லாம் யூடியூப்லயே பாத்தாச்சேனு நினைச்சுதான் போனேன், ஆனா மூச்சு பத்தி நடத்துன ரெண்டு மணி நேரம் இருக்கே, அது வேற லெவல்.

சார் ஆம்புலன்ஸ்ல பல வருஷம் வேல பாத்தவரு. போர்டுல ஒரு கணக்கு போட்டாரு. சும்மா உக்காந்திருக்கும்போது நாம ஒரு தடவ இழுக்குறது சுமார் 500 மில்லி, ஆவின் அரை லிட்டர் பாக்கெட் அளவுதான். அதுல 150 மில்லி தொண்டை, காத்துக்குழாய்லயே நின்னுடும், ரத்தத்துக்கு போய் சேராது, அதுக்குதான் டெட் ஸ்பேஸ்னு பேரு. நிமிஷத்துக்கு 12 தடவ 500 இழுத்தா 6 லிட்டர், 24 தடவ 250 இழுத்தாலும் அதே 6 லிட்டர்தான், ஆனா ஒவ்வொரு மூச்சுலயும் அந்த 150அ கழிச்சு பாருங்க, முதல் ஆளுக்கு 4.2 லிட்டர், ரெண்டாவது ஆளுக்கு வெறும் 2.4!

எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. அப்பாவுக்கு நிமோனியா வந்தப்போ ராத்திரி பூரா சின்ன சின்னதா வேகமா மூச்சு வாங்கிட்டு இருந்தாரு, மூச்சு ஓடிட்டுதானம்மா இருக்கு காலைல பாத்துக்கலாம்னு அம்மாகிட்ட சொன்னதே நான்தான். விடியக்காலைல 108க்கு அடிச்சு எப்படியோ பொழச்சுட்டாரு.

அப்புறம் ஆம்பு பேக், அதாவது மூச்சு விடாதவங்க முகத்துல மாஸ்க் வெச்சு கையால அமுக்கி காத்து குடுக்குற பை. பெரியவங்களுக்கான பேக் ஒன்றரை லிட்டர் கிட்ட புடிக்கும், நாங்க எல்லாரும் ஃபுல்லா அமுக்குனோம், அதான் தப்பு. ஒரு செகண்டுல மெதுவா, நெஞ்சு எழும்புறது தெரிஞ்சா போதும். அதிகமா போனா காத்து வயித்துல ஏறி வாந்தி வரும், நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி இதயத்துக்கு ரத்தம் திரும்புறதும் கொறையும். நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லன்னா 6 செகண்டுக்கு ஒண்ணு. மாஸ்க்க காத்து கசியாம புடிக்குறதுதான் ரொம்ப கஷ்டம், ஒருத்தர் ரெண்டு கையாலயும் புடிச்சு இன்னொருத்தர் அமுக்குனப்போதான் எங்களுக்கு ஒழுங்கா வந்துச்சு.

குறைனா, 22 பேருக்கு ரெண்டே பொம்மை, அதுல ஒண்ணு லீக். குழந்தைங்க பத்தி பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க, சின்ன பேக் காட்டவே இல்ல, வீட்ல சின்ன பசங்க இருக்கவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

அம்மாவுக்கும் அடுத்த மாச பேட்ச்ல பேர் குடுத்துட்டேன். போறவங்க லூசான பேண்ட் போட்டுட்டு போங்க, பாதி நாள் முட்டி போட்டுதான் இருக்கணும்.