செவ்விளநீரா, இஞ்சித் தேநீரா?

மாதவிடாயின் முதல் நாள், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு இரண்டு ஆசைகள் வரும்: வண்டிலில் குலைகுலையாய்த் தொங்கும் செவ்விளநீர், எதிர்க்கடையின் இஞ்சி போட்ட வெறுந்தேநீர்.

மாதவிடாயில் போகும் குருதி பெரும்பாலும் 80 மில்லிலீற்றருக்குள்தான். உடல் வறள்வது அதனால் அல்ல. கொழும்பின் புழுக்கமும் வியர்வையும், சிலருக்கு அந்நாட்களில் வரும் வயிற்றோட்டமும் வாந்தியும்தான் காரணம். அலுவலகக் கழிப்பறை சரியில்லையென்று தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. நானும் அப்படிச் செய்து, மாலையில் தலைவலியோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

இழந்த நீரை ஈடுசெய்யச் செவ்விளநீர்தான் என் தேர்வு. ஏறத்தாழ முழுவதும் நீர். பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. காயின் தலையைச் சீவும்போது சிதறும் துளி கையில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அது சர்க்கரை. நீரிழிவுள்ளவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. "குளிர்ச்சி பிள்ளை, வலி கூடும்" என்று அம்மம்மா தடுப்பார். அதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை. அவரிடம் சொல்லிப் பயனுமில்லை.

வலிக்கென்றால் தேநீர். சூடு இதமளிக்கும், இஞ்சி வலியைச் சற்றுத் தணிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு கோப்பை தேநீர் உடலை வறளச் செய்துவிடாது. ஆனால் தேயிலை, உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். குருதிப்போக்கு அதிகமுள்ளவர்கள் சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்தே கோப்பையைத் தொடட்டும்.